செம்மங்குப்பத்திலிருந்து அண்டார்டிகா போன வீடு

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து, புதிதாகச் சேர்ந்த என்ஜினீயர் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு கேமரா. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரிகிறது. எந்த இடத்தில் சூடு ஒழுகுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடலாமாம். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவின் மேல் அதைக் காட்டிவிட்டு, "சார், ரப்பர் போயிடுச்சு, மாத்துங்க" என்றாள். காலமெல்லாம் குளிர் அறை கட்டியவனுக்கு இது தேவைதான்.

"இதெல்லாம் இல்லாம அந்த அண்டார்டிகா போன வீட்டை எப்படி சார் டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"ஊதுபத்தி" என்றேன். சிரித்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தா குரல் கொடுத்தாள். "சிரிக்காதம்மா. அதுல கடைசி டெஸ்ட்டு நான் பண்ணதுதான். இவுரு எங்க வூட்டுக் கூரைய மட்டும்தான் டெஸ்ட் பண்ணல. 2011 கடைசியில அடிச்ச புயல்ல பறந்து போயி பக்கத்துத் தெரு வேப்பமரத்துல மாட்டிக்கிச்சு. அதையும் எழுதிக்க."

அந்தப் பெண் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஆரம்ப காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். எங்களுடையது கடலோரக் குடும்பம். மற்றவர்கள் வலைக்குப் போனார்கள், நான் கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போனேன். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த பிறகு அந்தக் கம்பெனி எழுந்திருக்கவில்லை. மறுவருஷம் செம்மங்குப்பத்தில், குளிர் அறைக்குப் பேனல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரையை ஊற்றி இறுகவிட்டால் பேனல். பேனல்களைக் கொக்கி போட்டு ஒன்றோடொன்று பூட்டினால் அறை. இறாலுக்கும் பாலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அறை கட்டினோம். குளிரை உள்ளே பிடித்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அங்கே எனக்கு மேலதிகாரி பரிமளா மேடம். சிதம்பரத்துக்காரர். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஆலப்பாக்கம் தாண்டியதுமே எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவார், ஸ்டாப் வரும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமை கிடையாது. பையில் எந்நேரமும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். அதுதான் எங்களுக்கு வானிலை அறிக்கை. மனசு நன்றாக இருந்தால் கடலையைத் தோலோடு வாயில் போட்டு மென்றுகொண்டே பேசுவார். கோபமோ கவலையோ வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு கடலையாகத் தோலை உரிப்பார். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று பேப்பரில் குவியும். ஒன்றைக்கூட வாயில் போட மாட்டார். பிரச்சினை தீர்ந்ததும் அந்தப் பருப்பை அள்ளி, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். ஆபீசுக்குள் நுழைவதற்கு முன் ஃபிட்டர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள், "தோலு ஜாஸ்தியா கெடக்குதாண்ணே?"

2010இல் எங்களுக்கு அந்த ஆர்டர் வந்தது. அண்டார்டிகாவில் ஆராய்ச்சி நிலையத்துக்குத் துணையாக நிற்க ஒரு சின்ன வீடு. குளிர்காலம் முழுக்க நாலைந்து பேர் அதில் தங்குவார்கள். இங்கேயே கட்டிப் பார்த்து, பிரித்து, கண்டெய்னரில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

எங்கள் தலைமை ஃபிட்டர் தண்டபாணிக்கு ஒரே உற்சாகம். "இத்தினி நாளா குளிர உள்ள வெச்சோம். இப்ப வெளிய வெக்கணும். அவ்ளோதான மேடம்? பேனல இன்னும் கனமா ஊத்திட்டா போச்சு."

மேடம் சில நாள் கழித்து என்னையும் தண்டபாணியையும் சிதம்பரத்துக்கு, தான் படித்த கல்லூரிக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே காற்றடித்துச் சோதிக்கிற ஒரு நீளமான பெட்டி இருந்தது. ஒரு முனையில் ராட்சச ஃபேன், நடுவில் கண்ணாடி ஜன்னல். நாங்கள் கட்டப்போகும் வீட்டை மரத்தில் பொம்மையாகச் செய்து, உடம்பெல்லாம் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி உள்ளே வைத்திருந்தார்கள். ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் முன்பக்கத்து நூலெல்லாம் சுவரோடு சுவராக அப்பிக்கொண்டது. பின்பக்கத்து நூலும் கூரை நூலும் அப்படி இல்லை. யாரோ பிடித்து இழுப்பதுபோல் சுவரை விட்டு எழுந்து நின்று துடித்தன.

"பாத்தீங்களாண்ணே? காத்து முன்னாடி தள்ளுது, பின்னாடி உறிஞ்சுது. மூட்டுல மயிரிழை சந்து இருந்தா போதும். இந்தப் பக்கம் குளுந்த காத்து உள்ள வரும், அந்தப் பக்கம் நாம சூடு பண்ணி வெச்ச காத்து வெளிய போயிடும். காத்து வேகம் ரெண்டு மடங்காச்சுன்னா தள்ளுறது நாலு மடங்காவும். அங்க அடிக்கிற காத்து நம்ம ஊரு புயலு மாதிரி, நாள் கணக்கா அடிக்கும்."

"அதான் கனமா போட்டுடலாம்னு..." என்று தண்டபாணி இழுத்தான்.

"மார்கழி மாசம் விடிகாலையில பண்ருட்டிக்குப் பைக்ல போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன் மேடம். கம்பளிய போத்திக்கிட்டு."

"கழுத்துகிட்ட தெறந்திருந்தா என்னா ஆவும்?"

"செத்தேன்."

"அதுக்கு மேல இன்னொரு கம்பளி போட்டா சரியாயிடுமா?"

தண்டபாணி யோசித்தான். "ஆவாது மேடம். கழுத்த மூடணும்."

"அதான் நம்ம வேலை" என்று மேடம் ஒரு கை கடலையைத் தோலோடு வாயில் போட்டுக்கொண்டார். பேனல் தேவையான கனத்துக்கு இருந்தால் வெளியே அடிக்கிற காற்று அதிலிருந்து கூடுதலாகச் சூட்டைக் கொண்டுபோவது கொஞ்சம்தான், மூட்டு வழியாகப் போவதுதான் ஆளைக் கொல்லும் என்பது எனக்கு அன்றுதான் அந்த நூல் ஆடியதைப் பார்த்து விளங்கியது.

இந்த இடத்தில் சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேகர் வசந்தாவின் தம்பி, என் மச்சான். தேவனாம்பட்டினத்தில் படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவன். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள், வசந்தாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். 2004இல் அவர்கள் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு சேகர் படகை விட்டுவிட்டு ஜெனரேட்டர் வேலைக்குப் போனான். எங்கள் துருவ வீட்டுக்கு ஜெனரேட்டர் அறையும் வேண்டியிருந்ததால் நான்தான் அவனைக் கூப்பிட்டேன். ஆராய்ச்சி நிலையத்தின் சார்பில் வேலையைப் பார்க்க வந்த அதிகாரி இவன் இன்ஜினைத் தொடுகிற லாகவத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் அங்கே வந்து இருக்கிறாயா?" என்று கேட்டார். இவன் வீட்டில் யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டான்.

வசந்தா அன்று என்னிடம் பேசிய பேச்சை முழுசாக எழுத முடியாது. கடைசியில் சொன்னது மட்டும் சொல்கிறேன். "கடல் எங்க வூட்ல எடுத்துக்கிட்டது போதும். நீதான் அவனக் கூப்ட்ட, நீதான் அந்த வூட்டக் கட்டுற. அதுல ஊசி மொன அளவு ஓட்ட இருந்து என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." கோபம் வந்தால்தான் என்னை நீ என்பாள். மறுநாள் காலையில் நான் பரிமளா மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துக் கடலையை உரிக்க ஆரம்பித்தார்.

யார்டில் வீட்டை முழுசாகக் கட்டினோம். மேடம் சொல்லிக்கொடுத்த சோதனை இதுதான். வாசலை பிளைவுட்டால் அடைத்து, அதில் ஒரு வட்டம் வெட்டி, புளோயரைப் பொருத்தி உள்ளே இருக்கிற காற்றை வெளியே இழுக்க வேண்டும். அப்போது சந்து இருக்கிற இடத்திலெல்லாம் வெளிக்காற்று உள்ளே வரும். உள்ளே ஊதுபத்தி பிடிக்க ஒரே ஒரு ஆள். மற்ற யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது. தரையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாக, இரண்டு விரல் தள்ளிப் பத்தியைப் பிடித்து, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு, புகை நேராக நிமிரும்வரை நிற்க வேண்டும். நேராகப் போனால் அடுத்த மூட்டு. சாய்ந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. சந்தேகமான இடத்தில் மேடம் புறங்கையை வாளித் தண்ணீரில் நனைத்து மூட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். ஈரக் கைக்குத் தெரியாத காற்றே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு அவர் அப்படி நிற்கும்போது, ஜுரக் குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் தாய்போல இருக்கும்.

எங்கள் வீடு முதல் தடவையே பாஸ். ஒரு பெருக்கல் குறி இல்லை. தண்டபாணி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

மேடத்துக்கு மட்டும் திருப்தி வரவில்லை. "இங்க உள்ளயும் வெய்யிலு, வெளியயும் வெய்யிலு. இது பாஸ் ஆவறது பெரிசில்ல" என்று, அதே பேனலில் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னார். நாங்கள் கட்டிக்கொடுத்த ஒரு இறால் கம்பெனியின் ஃப்ரீசருக்குள் அதை வைத்தோம். பெட்டிக்குள் ஒரு ஹீட்டர், ஆவி வந்துகொண்டே இருக்க ஒரு பாத்திரம் தண்ணீர். உள்ளே மனுஷன் இருப்பதாகக் கணக்கு. ஃப்ரீசர் ஃபேன் ராப்பகலாக அதன் மேல் அடித்தது.

ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத் திறந்தோம். சேகரும் வந்திருந்தான். மூட்டுக்கு மூட்டு, உள்பக்கத்தில் வெள்ளையாகக் கோடு போட்டதுபோல் ஏதோ இருந்தது. சேகர் நகத்தால் சுரண்டினான். ஐஸ். உள்ளே நுழைந்த ஈரம் மூட்டுக்குள் உறைந்து, உப்பி, பேனலை நெம்பியிருந்தது. பத்தியைக் கொளுத்தி அருகில் கொண்டுபோனேன். புகை வளைந்து மடங்கி ஓடியது.

"மாமா, நான் தூங்குற எடத்துலயும் இந்த மூட்டு இருக்குமா?" என்று சேகர் கேட்டான். இருக்கும்தான். நான் பத்தியை அணைத்தேன்.

ஆபீசுக்குத் திரும்பினோம். மேடம் கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். தோல் மலைபோல் குவிந்தது. பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார், "தண்டபாணி, மூட்டுச் சந்த அடைக்க சிலிக்கான் பசை எந்தப் பக்கம் அடிச்சீங்க?"

"வெளிப்பக்கம் மேடம். எப்பவும் போல நல்லா நெருக்கமா அடிச்சோம்."

"டிராயிங்ல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

தண்டபாணி என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "உள்பக்கம்னு இருந்துச்சு மேடம். நீங்க ஏதோ அவசரத்துல திருப்பிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சோம். யானைக்கும் அடி சறுக்கும்ல? வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான அசிங்கம்னு, யாருகிட்டயும் சொல்லாம நாங்களே சரி பண்ணிட்டோம்."

சிலிக்கான் வெளிப்பக்கம் இருப்பதைப் பார்த்தும் என் கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை. படாது. எங்கள் ஊரில் குளிர் அறை கட்டினால் புழுக்கமும் ஈரமும் வெளியே இருந்துதான் வரும். அதனால் வெளிப்பக்கம்தான் அடைப்போம். கை அப்படியே பழகிவிட்டது. அண்டார்டிகாவில் வெளிக்காற்றில் ஈரமே கிடையாது. உள்ளே இருக்கிற ஆளின் மூச்சு, சோறு வடிக்கிற ஆவி, காயப்போட்ட துணி, எல்லா ஈரமும் உள்ளேயிருந்து வெளியே போகப் பார்க்கும். உள்பக்கத்தை அடைக்காவிட்டால் அது மூட்டுக்குள் புகுந்து உறையும், உறைந்து சந்தைப் பெரிசாக்கும், பெரிசான சந்தில் காற்று நுழையும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, அது இதுதான். எங்கள் கூட்டம் நல்லெண்ணத்தோடு பிடித்த குரங்கு.

மேடம் தண்டபாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "என் மானத்தக் காப்பாத்துறேன்னு சேகர ஐஸ் பொட்டியில வெக்கப் பாத்தீங்களேய்யா!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்னு போட்டேன், ஏன்னு ஒரு வார்த்த சொல்லல பாருங்க. அது என் தப்பு" என்றார். உரித்த பருப்பை அள்ளித் தண்டபாணியின் கையில் கொட்டினார். அவன் அதைத் தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எனக்கு அந்த மனுஷியை ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

எல்லா மூட்டையும் பிரித்தோம். பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்தோம். உள்பக்கம் அடைத்து, மேலே டேப் ஒட்டி, ஓரங்களை விரலால் நீவினோம். மேடமும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிக் கூரை மூட்டை அடைத்தார். பெட்டி மறுபடி ஃப்ரீசருக்குப் போனது. இந்தத் தடவை திறந்தபோது உள்ளே காய்ந்து கிடந்தது.

வீட்டின் கடைசிச் சோதனை ஆயுத பூஜையன்று அமைந்துவிட்டது. அன்று குடும்பங்களுக்கெல்லாம் கம்பெனிக்குள் அனுமதி உண்டு. நுரை ஊற்றும் மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, புளோயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா பொரியை வாங்கவில்லை. நேராக மேடத்திடம் போனாள். "அந்த வூட்ட நான் பாக்கணும்."

"வாங்கக்கா. நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்று மேடம் ஒரு பத்தியைக் கொளுத்தி அவள் கையில் கொடுத்தார். எப்படிப் பிடிப்பது, எப்படி மூச்சை அடக்குவது என்று சொன்னார். புளோயர் ஓடியது. நானும் சேகரும் ஒரு மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றோம். வசந்தா சாமிக்குக் காட்டுவதுபோல அவ்வளவு நிதானமாக மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டு வந்தாள். புகை நேராக ஏறிற்று. அடுத்தது, நேராக. கூரை மூட்டு, நேராக. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், உயரத்தில் இருந்த சின்னக் குழாய் வாயிடம் போனதும் புகை படாரென்று சாய்ந்தது.

"ஓட்ட!" என்று வசந்தா கத்தினாள். "ஓட்ட இருக்குது பாருங்க! நான் அப்பவே சொல்லல?"

மேடம் புளோயரை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். "அது நாங்களே வெச்ச ஓட்டக்கா. உள்ள அடுப்பு எரியும், நாலு பேரு மூச்சு விடுவாங்க. ஒரு ஓட்டயும் இல்லாம அடச்சிட்டா குளுருல சாவ மாட்டாங்க, மூச்சு முட்டி செத்துடுவாங்க. வேண்டிய காத்து இது வழியா சூடாயிதான் உள்ள வரும். வேணும்னா கொறைக்கலாம், கூட்டலாம். மூட்டு வழியா பூந்தா அது திருட்டுக் காத்து. இது வாசல் வழியா வர்ற விருந்தாளி."

வசந்தா குழாய்க்கு அருகில் கையை வைத்துப் பார்த்தாள், அதைக் கூட்டிக் குறைக்கிற மூடியைத் திருகிப் பார்த்தாள். பிறகு ஊதுபத்திக் கட்டு முழுவதையும் சேகரின் சட்டைப் பையில் செருகினாள். "அங்க போயி நீயும் பாரு" என்றாள். பண்ருட்டி முந்திரி ஒரு பை வேறு கட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் கண்டெய்னர் போனது, பின்னாலேயே சேகரும் போனான்.

மறுவருஷம், 2011, அங்கே குளிர்காலம். சேகர் வாரத்துக்கு ஒரு தடவை சாட்டிலைட் போனில் கூப்பிடுவான். அடுத்த வாரம் பெரிய காற்று வருவதாகச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னான். அதற்கப்புறம் போன் இல்லை. வழக்கமான நாளும் போனது, அடுத்த நாளும் போனது. நிலையத்துக்காரர்களைக் கேட்டால் காற்று ஓய்ந்ததும் பேசுவார்கள் என்றார்கள். வசந்தா என்னிடம் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரிமளா மேடம் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வசந்தாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். பேப்பரில் தோல் குவிந்தது. நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கே நம்பிக்கை இல்லையோ என்று நினைத்தேன்.

மத்தியானம் என் போன் அடித்தது. வசந்தா பிடுங்கிக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, லைன் கெடைக்கல. காத்து ஓயல, இன்னும் அடிக்குது. சொவத்துல லாரி வந்து மோதுற மாதிரி சத்தம்."

"நீ எப்டிடா இருக்க?"

சொல்வது அங்கே போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு கணம் ஆகும். அந்தக் கணம் எங்கள் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"பனியனோட உக்காந்திருக்கேன். நீ குடுத்த பத்திய லீடருகிட்ட கேட்டு இன்னிக்குத்தான் கொளுத்தினேன். காத்து நல்லா பலமா அடிக்கிற நேரமா பாத்து, மேடம் சொன்ன மாதிரி மூட்டு மூட்டா காட்டினேன். என் படுக்ககிட்ட, கூரைகிட்ட, எல்லாம் நேராப் போவுதுக்கா." கொஞ்சம் நிறுத்தினான். "ஒரு எடத்துல மட்டும் சாயுது."

மேடம் உரிப்பதை நிறுத்தினார். எந்த இடம் என்று வசந்தா கேட்கவில்லை. அவள் முகம்தான் முதலில் மாறியது.

"கதவுக்குப் பக்கத்துல, ஒசரத்துலயா?" என்றாள்.

"அதேதான்" என்று அவன் சிரிப்பது பூமியின் அடிமுனையிலிருந்து கேட்டது.

வசந்தா போனை என் கையில் கொடுத்துவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினாள். "உங்க விருந்தாளி வந்துட்டாராம்" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மேடம் பேப்பரில் குவிந்திருந்த பருப்பையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளி அவள் மடியில் கொட்டினார். வசந்தா ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.